தையல்காரருக்கு அடுத்த வீடு

வண்டி ஓட்டுபவருக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பட்டப்பெயர். குறுக்கே ஒரு பூனை வந்தாலும், அது கடந்து போய் ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துவார். சிறுநீரகம் பழுதானவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றி, ரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனையில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அப்படிப்பட்டவர் ஒரு அம்மாவை இரண்டு முறை ஏற்றாமல் வந்துவிட்டார் என்று புகார் வந்தது. இரண்டாம் முறை அந்த அம்மா கால் வீங்கி, மூச்சு வாங்க, வாடகைக் காரில் போய்ச் சேர்ந்திருந்தார்.

மேலாளர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "பட்டியல்ல அவங்க பேர் இருக்கா இல்லையா? நீங்களே பாருங்க."

"உங்க திரையில இருக்கு சார். என் போன்ல வரலையே, அவங்க அன்னைக்கு வரலைன்னு நெனச்சுட்டேன்" என்றார் நிதானம்.

"ரெண்டும் ஒரே பட்டியல்தானே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க."

நிதானம் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாதவர் போல் நின்றார்.

அந்த அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். வண்டிகளுக்கான கணினி நிரலைப் பார்த்துக்கொள்பவள். பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டுவிட்டு, பல வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்தாள். நிரலை எழுதியவர் வேறு இடத்துக்குப் போய்விட, அது அவள் தலையில் விழுந்திருந்தது. புகார் வந்ததிலிருந்து வரி வரியாகப் படித்துவிட்டாள். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. ஆனாலும் இந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"சார், இந்த வாரம் மட்டும் பொறுங்க. நான் வண்டியில கூடவே போய்ப் பாக்குறேன்."

அன்று வீட்டில் கணவர் சிரித்தார். "நீ புரோகிராம் எழுதப் போனியா, வண்டி ஓட்டப் போனியா?"

"ரெண்டுல எது நல்லா வருதோ அதைப் பாக்குறேன்" என்றாள் அவள். ஆனாலும், நாம் இல்லாத வருடங்களில் தொழில் நம்மைத் தாண்டிப் போய்விட்டதோ என்ற கவலை அவளை விட்டபாடில்லை.

முதல் இரண்டு பயணங்களில் ஒன்றும் நடக்கவில்லை. விடியும் நேரத்தில் ஒவ்வொரு வாசலிலும் வண்டி நிற்கும். நிதானம் இறங்கி வண்டியின் படியை இறக்கி விடுவார். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறவர்கள் உட்கார்ந்ததுமே தூங்கிப் போவார்கள். புகார் கொடுத்த அம்மா மட்டும் தூங்குவதில்லை. ஒரு காலத்தில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் 'நீச்சல் டீச்சர்'. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய நிலைமை தனக்கு வந்ததைத் தானே கேலி செய்வார்.

மூன்றாம் பயணத்தில், வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், வழக்கமாக ஏறும் தையல்காரர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: 'இன்று வரவில்லை.' அவர் வரிசையில் நான்காவது. அவருக்கு அடுத்து வண்டி நிற்க வேண்டிய வீடு நீச்சல் டீச்சருடையது. அவள் நிதானத்தின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் பெயர் மறைந்தது. கூடவே டீச்சர் பெயரும் மறைந்தது. ஆறாவது ஆளின் பெயர் திரையில் மேலே ஏறி வந்து நின்றது.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணே, டீச்சர் வீட்டுக்கு விடுங்க. போன் என்ன சொன்னாலும் சரி."

டீச்சர் வாசலில் பையோடு நின்றிருந்தார். அவர் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் விளக்கினாள்.

"இந்தப் புரோகிராம் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வரிசையில போகுதுண்ணே. வர்றவங்க பேரை உங்களுக்கு அனுப்பும். வராதவங்களை எடுத்துடும். நாலாவது ஆளை எடுத்ததும் பின்னால இருக்கிற எல்லாரும் ஒரு இடம் முன்னால வந்துட்டாங்க. இப்ப டீச்சர்தான் நாலாவது. ஆனா அது 'நாலு முடிஞ்சுது'ன்னு அஞ்சுக்குத் தாவிடுது. ஆபீஸ் பட்டியல்ல இவங்க பேர் அப்படியே இருக்கு, உங்களுக்கு மட்டும் வந்து சேரலை."

நிதானம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

டீச்சருக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப நான் விடுபட்ட நாளெல்லாம் அந்தத் தையல்காரன் வரலையா? இன்னையோட மூணு தடவையா? சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டேன்னு என்கிட்ட அளந்தானே." போனில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "அவனுக்கு மனசு விட்டுப்போச்சு. சரிம்மா, வரலைன்னு சொன்னவன் கொஞ்ச நேரத்துல மனசு மாறினா இந்த வரிசைல திரும்ப ஏற முடியுமா?"

"முடியாது டீச்சர். நாளைக்குத்தான்."

"எங்களுக்கெல்லாம் நாளைங்கிறது ரொம்பத் தூரம்மா."

அன்று அலுவலகத்துக்குப் போனதும் அவள் அந்த எண்ணும் முறையையே தூக்கிவிட்டு, இட்டரேட்டரை வைத்து எழுதினாள். அது வரிசையின் மேல் ஒவ்வொரு பெயராக நகரும் விரல் மாதிரி. பெயரை அந்த விரலே எடுத்தால், தான் நிற்கும் இடம் அதற்குத் தெரியும்; அடுத்தவரைத் தாண்டாது. வேலை அதோடு முடிந்துவிட்டது. ஆனால் டீச்சரின் கேள்வி அவளை எழுந்திருக்க விடவில்லை. அந்த விரலால் வந்த வழியே பின்னாலும் போக முடியும், நிற்கிற இடத்தில் ஒரு பெயரைப் புதிதாகச் செருகவும் முடியும். அதையும் எழுதினாள். விதவிதமாகச் சோதித்துப் பார்த்தாள். ஒருவரும் விடுபடவில்லை. கை பழசை மறக்கவில்லை என்று தெரிந்தபோது, யாரும் பார்க்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மேலாளர் நிதானத்திடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. பல மாதமாகக் கேட்டும் கிடைக்காத புது டயர்களை அன்றே வாங்கச் சொன்னார். நிதானம் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தையல்காரர் மறுபடி வரவில்லை என்றார். சரிபார்ப்பதற்காக அவளும் வண்டியில் இருந்தாள். டீச்சர் பெயர் இம்முறை மறையவில்லை. ஏறியதும் டீச்சர் விவரம் கேட்டுப் போனை எடுத்தார். இந்தத் தடவை தையல்காரர் பேசினார்.

"வெறுத்துப்போச்சு டீச்சர். குத்திக் குத்திக் கையைப் பாக்கவே பிடிக்கலை."

"ஊசி பிடிச்சுப் பொழைக்கிறவன் ஊசிக்கு வெறுக்கலாமா? நீ வராம நான் ரெண்டு தடவை வாசல்லயே நின்னேன், தெரியுமா?"

"நான் வராததுக்கு நீங்க ஏன் நிக்கணும்?"

"அது பெரிய கதை. வண்டியில வா, சொல்றேன். என் பக்கத்து சீட்டு காலியா இருந்தா எனக்கு யார்கிட்ட வம்பு பேசுறது?"

"வண்டிதான் தாண்டிப் போயிருக்குமே" என்றார் தையல்காரர்.

டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் நிதானத்தின் போனில் தொட்டாள். அடுத்து நிற்க வேண்டிய இடத்தில் தையல்காரர் பெயர் வந்து உட்கார்ந்தது. அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள்.

"திரும்புறோம், கிளம்பி நில்லு" என்றார் டீச்சர்.

நிதானம் முன்னும் பின்னும் பார்த்து, ஆற அமர வண்டியைத் திருப்பினார். தையல்காரர் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டு மாடிப்படியில் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"மெதுவா வாங்க, நாங்க இங்கதான் இருக்கோம்" என்றபடி நிதானம் படியை இறக்கி விட்டார்.