ஊரைத் தாண்டாத பெண்கள்

சுயதொழில் பயிற்சி நிலையமாம்! அந்தப் பேரைக் கேட்டாலே அக்லாயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் இத்தாலியில், பதுவா நகரத்தில், படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைக் கழுவித் துடைத்துச் சம்பாதித்தவள் அவள். மால்டோவா நாட்டில் அவள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அதே பிழைப்புதான். திரும்பி வந்தபோது பெற்ற மகளே அவளை யாரோ எவரோ என்று பார்த்தாள். இனிச் செத்தாலும் போகமாட்டேன் என்றுதான் இந்த நிலையத்தில் ரொட்டி சுடும் பயிற்சியில் சேர்ந்தாள். பயிற்சி முடிந்ததும் பெரிய மின்சார அடுப்பு பெண்களுக்கே என்று பேச்சு. பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி போடக்கூட அவள் சொல்லி வைத்துவிட்டாள்.

அடுப்பு வந்தது. ஒரு வாரம் சுட்டார்கள். பிறகு ரிப்பேர் என்று வண்டியேறிப் போன அடுப்பு, நிலைய இயக்குநர் மிக்னேயாவின் மகள் கோரினா நடத்தும் விடுதியில் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்கப் போனால், "பொறுமை வேணும்மா, பொறுமை" என்பார் அந்த மனுஷன், மகள் சுட்ட கேக்கை மென்றுகொண்டே. வெட்கமாவது மானமாவது!

இந்த லட்சணத்தில் நிலையத்துக்குப் பணம் கொடுத்த இத்தாலிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். அன்று காலை மிக்னேயா பெண்களை வரிசையாக நிறுத்தினார்.

"ஒருத்தியும் இத்தாலி போனேன்னு வாயத் தொறக்கக் கூடாது. ஊரத் தாண்டாத ஏழைங்கன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். அவங்க பாஷையில பேசறதெல்லாம் கோரினா பாத்துக்குவா. ஏய் லூட்மிலா, அந்தக் காதுத் தோட்டக் கழட்டு, ஏழை மாதிரி இரு."

"தங்கப் பல்லையும் புடுங்கிடவா ஐயா?" என்றாள் லூட்மிலா.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிக்னேயாவுக்கு உறைத்தால்தானே!

விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் நீட்டுவது ஊர் வழக்கம். வந்தவர் பிட்டு, உப்பில் தொட்டுத் தின்றாக வேண்டும். மிக்னேயா டவுன் கடையில் வாங்கிய ரொட்டியின் உறையைக் கிழித்து, தட்டில் பூவேலைத் துண்டை விரித்து, அதன்மேல் வைத்து அக்லாயா கையில் திணித்தார்.

"நீ சுட்டதுன்னு தலையாட்டு. போதும்."

வாசல் மிதித்தவர்களுக்கு உப்போடு பொய்யையும் ஊட்டச் சொல்கிறானே பாவி!

வந்தவர்களின் தலைவி ஒர்னெல்லா என்ற அம்மாள். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, யார் சுட்டது என்று கோரினாவைக் கேட்டாள். கோரினா வாய் திறப்பதற்குள் அக்லாயா இத்தாலிய மொழியிலேயே பதில் சொன்னாள்.

"இது கடை ரொட்டிங்க. எங்க அடுப்பு இதோ நிக்கிறாளே, இவ விடுதியில கெடக்கு. பிள்ளைய விட்டுட்டு மறுபடி உங்க ஊருக்கு வராம இருக்கத்தான் அது எனக்கு வேணும்."

மிக்னேயா பேயறைந்தவர்போல் நின்றார். ஒர்னெல்லாவின் கண்கள் விரிந்தன.

"அடேயப்பா, எவ்வளவு நல்லாப் பேசறீங்க! எங்க கத்துக்கிட்டீங்க?"

"பதுவாவுல. ஒரு கிழவரப் பாத்துக்கிட்டேன்."

ஒர்னெல்லா அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். அப்பாடா, நியாயம் கேட்க ஒரு ஆள் கிடைத்தது என்று அக்லாயா கூடவே நடந்தாள். அடுப்பு இன்றைக்கே திரும்பி வந்துவிடும் என்றுகூட நினைத்தாள்.

"எங்கம்மா படுத்த படுக்கை," என்றாள் ஒர்னெல்லா குரலைத் தாழ்த்தி. "வர்ற பொண்ணு ஒண்ணும் நிலைக்க மாட்டேங்குது. தனி ரூம் தர்றேன், வந்துடுங்களேன்."

"அடுப்பு?"

"அட, அத விடுங்க. அடுத்த மாசமே வர முடியுமா?"

ஒர்னெல்லாவின் வாயில் இன்னும் ரொட்டி இருந்தது.

தூ என்று வந்தது அக்லாயாவுக்கு. இவளுக்கு மிக்னேயாவே தேவலை. அவன் அடுப்பைத்தான் எடுத்தான். ரொட்டித் தட்டை அந்த அம்மாள் கையிலேயே வைத்தாள்.

"உங்கம்மாவக் கழுவித் துடைக்க நீங்களே ஒரு பயிற்சி எடுத்துக்குங்க," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "சொந்தக் கால்ல நிக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, மொதல்ல உங்க வீட்டுல ஆரம்பிங்க."