வடக்கே போகும் ஊற்று

எங்கள் ஊர் பீர்க்கடைக் கூரையில் விழும் மழை இரண்டு கடல்களுக்குப் போகிறது. ஒல்ஷாவ்காவில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வடக்குச் சரிவில் விழுவது ஓடை, ஆறு என்று மாறி மாறிக் கடைசியில் ஹம்பர்க் வழியாக வடகடலில் சேரும். தெற்குச் சரிவில் விழுவது டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகும். கடையின் கழிப்பறை வடக்குப் பக்கம் இருக்கிறது. எழுந்து போகிறவர்கள், "ஹம்பர்க்குக்கு ஒரு தந்தி அடிச்சிட்டு வந்துடறேன்" என்பார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது சிரிப்பார்கள்.

அந்தக் கூரையோடு பொஹீமியா என்ற மாகாணமும் முடிகிறது. தெருவைத் தாண்டினால் மொராவியா. ஒரு காலத்தில் வடக்குக் கோடி ஒரு பிரபுவுக்கும் தெற்குக் கோடி இன்னொரு பிரபுவுக்கும் வரி கட்டியது. இப்போது இரண்டுக்கும் ஒரே தபால்காரி, ஒரே தீயணைப்பு வண்டி. கால்பந்து மட்டும் இன்னும் வடக்கு, தெற்கு என்று பிரிந்துதான் ஆடுகிறார்கள்.

வடக்கில் குளம் இருக்கிறது. எங்கள் தெற்கில் ஓடை இருந்தது. இப்போது அந்தப் படுகையில் இடுப்பளவு காஞ்சொறி நிற்கிறது. ஏழு வீட்டுக் கிணறுகளும் கோடையில் வற்றிவிடும். வியாழக்கிழமைகளில் தீயணைப்பு வண்டி தண்ணீர் கொண்டுவரும். கேட்டால் மழை குறைந்துவிட்டது என்பார்கள். வண்டு அரித்துக் காடு போய்விட்டது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜூலையில் ஊர்த் தலைவர் ஹெட்விகா எங்கள் வீட்டுக்கு வந்தார். தலைவர் வேலை போக அவர் மர ஆலையில் கணக்கு எழுதுகிறார். எப்போதும் அவசரத்தில் இருப்பவர். கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"போஹ்தான்கா, நீதான தண்ணி பத்திப் படிச்சவ. நடைபாதை போட மாவட்டத்துலேர்ந்து மானியம் வந்திருக்கு. பீர்க்கடை முன்னாடி ஒரு பலகை வைக்கணும். கூரை, ரெண்டு கடல், கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பூகோளம். பத்து வரி போதும். கீழ உன் பேரைப் போடுவோம், முன்னாடி இன்ஜினியர்னு சேத்து."

"எப்ப வேணும்?"

"நேத்தே வேணும்."

முதல் மூன்று வரிகளை அன்றே எழுதிவிட்டேன். நான்காவது வரியில் தெற்குச் சரிவின் நீர் எங்கள் ஓடையில் சேர்வதாக எழுத வேண்டியிருந்தது. எழுத முடியவில்லை. ஓடையில் நீர் இல்லை என்பது ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பீர்க்கடைக்குக் கீழே தெற்குச் சரிவில் ஒரு புல்வெளி. பழைய வரைபடத்தில் அங்கே ஊற்றுகளுக்கான நீலப் புள்ளிகள் இருந்தன. மறுநாள் வேலை முடிந்ததும் நேராக அங்கே போனேன். சுற்றிலும் எல்லாம் காய்ந்து பழுப்பாக இருந்தது. அந்தப் புல் மட்டும் பச்சையாக இருந்தது. கோரைக்கு நடுவில் ஒரு கான்கிரீட் வளையமும் அதன்மேல் மூடியும். மூடியில் காதை வைத்தேன். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கசிவு இல்லை. குழாயைத் திறந்துவிட்டது போன்ற சத்தம்.

ஓடையில் இல்லாத தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

நான் வேலை பார்க்கும் நீர்வள அலுவலகத்தில், தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பச்சைச் சாயம் வைத்திருப்போம். மீனுக்கும் மனிதருக்கும் கெடுதல் இல்லை. ஒரு கைப்பிடிப் பொடி போதும். சோதனை செய்யப்போவதாக ஹெட்விகாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மூடியைத் தூக்கிப் பொடியைக் கொட்டினேன்.

சனிக்கிழமை காலை ஊர் ஒலிபெருக்கியில் வழக்கம்போல ஊதுகுழல் இசை முதலில் வந்தது. பிறகு ஹெட்விகாவின் குரல்.

"குளத்துத் தண்ணி பச்சையா இருக்கு. காரணம் தெரியற வரைக்கும் யாரும் இறங்க வேண்டாம். வாத்து வச்சிருக்கறவங்க அடைச்சு வைங்க. அடுத்த அறிவிப்பு. முட்டைக்காரர் பத்து மணிக்கு வருவார்."

நான் ஓடிப்போனபோது பாதி ஊர் குளக்கரையில் நின்றது. தண்ணீர் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. மீன்பிடிச் சங்கத் தலைவர் யரோலீம் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு தண்ணீருக்குள் நின்றார்.

"யார் வேலை இது? என் கெண்டையெல்லாம் தவளை நிறத்துக்கு வந்துடுச்சு!"

"நான்தான்" என்றேன்.

"என்ன? சத்தமாச் சொல்லு."

"நான்தான் மாமா. வெறும் சாயம். மீனுக்கு ஒண்ணும் ஆகாது. நேத்து சாயங்காலம் தெற்குப் புல்வெளியில இருக்கற வளையத்துல கொட்டினேன்."

"அங்க கொட்டினது இங்க எப்படி வந்துச்சு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதான் கேள்வி" என்றேன்.

எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தேன். தெற்கு ஊற்றின் நீர் அவர்கள் கண்ணெதிரே வடக்குக் குளத்தில் இருந்தது. இதைவிடத் தெளிவாக எதையும் காட்ட எனக்குத் தெரியாது. ஒரு பெண் இந்தச் சாயம் நீச்சலுடையில் ஒட்டுமா என்று கேட்டார். இன்னொருவர் தலைநகரில் ஒரு பீர்க்கடை வசந்தத்தில் பச்சை பீர் விற்பதாகச் சொன்னார். பேச்சு அங்கிருந்து பீருக்குப் போய்விட்டது. யரோலீம் மட்டும் கரையேறி வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை தீயணைப்பு நிலைய மாடியில் ஊர்ச் சபை கூடியது. உறுப்பினர்கள் ஐந்து பேர். ஹெட்விகா, யரோலீம், வடக்கிலிருந்து இன்னொருவர், தெற்கிலிருந்து இருவர். அந்த இருவரில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு வில்மா அத்தை. ஊரில் முதலில் வற்றும் கிணறு அவருடையது. அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

பெரிய தாளில் மேட்டையும் சரிவையும் வரைய ஆரம்பித்தேன்.

"எதுக்கு இன்ஜினியரம்மா கஷ்டப்படற?" என்றார் யரோலீம். "அந்தக் குழாயைப் புதைச்சதே நான்தான்."

என் கை நின்றுவிட்டது.

"அப்ப கம்யூனிஸ்ட் ஆட்சி. கூட்டுப்பண்ணைக்கு வாத்து வளக்கணும்னு மேலேர்ந்து உத்தரவு. வாத்துக்குக் குளம் வேணும். குளத்துக்குத் தண்ணி வேணும். மேடு அந்த இடத்துல ஆள் உயரம்தான். வெட்டினோம், மண் குழாயைப் போட்டோம், மூடினோம். சாயங்காலம் பன்னிக்கறி வறுத்துக் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு."

"இவ்ளோ வருஷமா ஏன் சொல்லல?"

"யார் கேட்டா?"

மற்ற நால்வரையும் பார்த்தேன். யாரும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. வடக்கு உறுப்பினர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயை ஒரு இடத்தில் உடைத்தால் போதும் என்றேன். இயந்திரம் கொண்டுவந்தால் அரை நாள் வேலை. ஊற்று பழைய வழியில் இறங்கும், கிணறுகள் மெல்ல மெல்ல ஏறும். குளத்துக்குக் காட்டிலிருந்து வேறு ஓடையும் வருகிறது, பாதித் தண்ணீர்தான் குறையும்.

"பாதிக் குளத்துல பாதிக் கெண்டை" என்றார் யரோலீம். "கெண்டை இல்லாம கிறிஸ்துமஸ் விருந்தா? உனக்குத் தலை, எனக்கு வாலா? இல்ல தெற்கத்திக்காரங்க இனிமே சாசேஜ் வச்சுக் கொண்டாடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தெற்கு உறுப்பினர்களும்தான்.

நான் வேறு வழியில் போய்ப் பார்த்தேன். "பலகையில எழுதப்போறது இப்ப பொய். பீர்க்கடையோட தெற்குக் கூரைத் தண்ணி அந்தப் புல்வெளியிலதான் இறங்குது. அங்கேர்ந்து குழாய் வழியா குளத்துக்கு வந்துடுது. ரெண்டு பக்கத் தண்ணியும் ஹம்பர்க்தான் போகுது. குழாயை உடைச்சா பலகை உண்மையாயிடும்."

இது அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். இரண்டு கடல் என்பதுதானே ஊரின் பெருமை.

ஹெட்விகா பெருமூச்சு விட்டார். "பலகை நிக்கறதுக்கு உண்மை வேணாம்மா. கான்கிரீட் போதும். அதோட மானிய விதி தெரியுமா? நடைபாதை போட்ட பின்னாடி அஞ்சு வருஷத்துக்கு அது போற எடத்துல எதையும் மாத்தக் கூடாது. மாத்தினா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"இன்னும் போடலையே. இப்பவே உடைச்சிடலாமே?"

"இப்ப உடைச்சா வரைபடம் மாறிடும். புதுசா விண்ணப்பம் போடணும். மானியம் போயிடும்."

"அஞ்சு வருஷம் கழிச்சு?"

"அப்ப நான் தலைவரா இருக்க மாட்டேன். புது ஆளைக் கேளு."

வில்மா அத்தையைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து பின்னலை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

"அத்தை, உங்க கிணறு..."

"வண்டிதான் வியாழக்கிழமை தவறாம வந்துடுதே கண்ணு. பலகை வந்தா ஆளுங்க வருவாங்க, சைக்கிள்ல வருவாங்க. நான் வாசல்ல காபி விக்கலாம்னு பாக்கறேன். ரெண்டு கடல் இல்லன்னா இந்த ஊருக்கு எவன் வருவான்? தண்ணி இல்லாத ஊரைப் பாக்கவா?"

குழாயைத் தொடுவதில்லை என்று ஐந்து கைகள் உயர்ந்தன. காபி போடத் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அது எனக்குத் தோன்றியது. உறங்கப் போகும்வரை அதையே மனதுக்குள் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பலகையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் 'வல்லுநர்கள் உறுதி செய்துள்ளபடி' என்று போட்டார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். பலகையின் உயரத்தை அளந்தார். கால்கள் ஓக் மரமா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்தார்.

"தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கலையா?" என்று கேட்டேன். முந்தின நாளே சொல்லிப் பழகி வைத்திருந்த கேள்வி.

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "நான் மரவேலைக்கு மட்டும்தாங்க வந்தேன்" என்றார்.

அன்று மாலை வீட்டில் நில வரைபடத்தை விரித்தேன். கூட்டுப்பண்ணை கலைந்தபோது நிலங்களை அந்தந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் புல்வெளியில் நாடா போல ஒரு துண்டு அம்மாவுக்கு வந்தது. அதில் நாங்கள் எதையும் செய்ததில்லை. வளையத்திலிருந்து குளத்தை நோக்கி நேராக ஒரு கோடு போட்டேன். கோடு அம்மாவின் துண்டைக் குறுக்கே வெட்டியது. நடைபாதை அதன் பக்கத்திலேயே வரவில்லை. எங்கள் நிலத்துக்கடியில் இருக்கும் குழாய்க்கு நாங்களே பொறுப்பு. சட்டத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"உடைக்கறதுன்னா உடை" என்றார் அம்மா. "பூட்ஸை மட்டும் வாசல்லயே கழட்டிடு."

மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போனேன். மேல்மண் எளிதாக வந்தது. அதற்குக் கீழே களிமண். ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது, காலால் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் குழியில் குழாய் இல்லை. என் கோடு தப்பு. யரோலீமும் அவர் கூட்டாளிகளும் நேராகப் புதைக்கவில்லை. தள்ளி இன்னொரு குழி. உள்ளங்கை கொப்புளமாகி உடைந்தது. இயந்திரத்துக்கு அரை நாள் வேலை என்று சபையில் சொன்னவள் நான். எனக்கு அந்த வாரத்தின் மாலைகள் எல்லாம் போயின.

சனிக்கிழமை மதியம் கடப்பாரை ணங்கென்றது. செங்கல் நிறத்தில் குழாய், கை நுழையும் அகலம். தட்டினேன், உடையவில்லை. நன்றாகத்தான் புதைத்திருந்தார்கள். கோபத்தில் ஓங்கி அடித்தேன். ஓடு உள்ளே விழுந்தது, தண்ணீர் பொங்கி என் பூட்ஸுக்குள் இறங்கியது. பனிக்கட்டி மாதிரி இருந்தது.

வடக்கு வாயைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். குழி நிரம்பியது. நிரம்பியதும் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. தெற்கே சரிவு என்று வரைபடம் சொன்னாலும், இத்தனை காலமாக ஓடாத இடத்தில் மண் இறுகி, புல் மெத்தை போல் மூடியிருந்தது. கால்வாய் வெட்ட வேண்டும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை.

வெட்டினேன். தண்ணீர் நான் வெட்டிய தூரம் வந்து நின்றது. மேலும் வெட்டினேன். பாதியை மண் குடித்தது. மீதி பின்னாலேயே வந்தது. எங்கள் துண்டின் ஓரத்துக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வில்மா அத்தை நின்றிருந்தார்.

"என்னடி பண்ற?"

"தண்ணி வருது அத்தை. ஓடைக்கு."

"ஓடை அங்க இருக்கு. இது என் உருளைக்கிழங்கு. இன்னும் தோண்டவே இல்ல."

"உங்க தோட்டம் சரிவுல இருக்கு. தண்ணி கீழதான வரும்."

"கிணத்துல வந்தா வேணாம்னா சொன்னேன்? உருளைக்கிழங்குல வரச் சொன்னேனா? எல்லாம் அழுகிப்போகும். யரோலீம் புதைச்சான், அவனுக்காவது எங்க புதைக்கறோம்னு தெரிஞ்சுது."

எனக்கு அழுகை வந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஊற்று, குழாய், வரைபடம், சட்டம் என்று எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். வில்மா அத்தையின் உருளைக்கிழங்கைப் பார்க்கவில்லை.

"சுத்திக் கொண்டுபோறேன்" என்றேன்.

"எப்படிச் சுத்துவ? வேலி ஓரம் மேடா இருக்கே."

மேடாகத்தான் இருந்தது. முழங்கால் ஆழம் வெட்டினால்தான் தண்ணீர் திரும்பும். நான் வெட்டுவதற்குள் அது வேலிக்கடியில் கசிய ஆரம்பித்துவிட்டது. வில்மா அத்தை திட்டிக்கொண்டே கொட்டகைக்குள் போனார். ஹெட்விகாவைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். மண்வெட்டியோடு திரும்பி வந்தார். வேலிக்கு உள்பக்கமாக மண்ணை அள்ளி அள்ளிக் கரை போட ஆரம்பித்தார். என் தண்ணீரை என் பக்கமே தள்ளுவதற்காக.

"படிச்ச பொண்ணு" என்றார் ஒவ்வொரு அள்ளுக்கும். "படிச்ச பொண்ணு."

அவர் கரை உயர உயர, தண்ணீர் அந்தப் பக்கம் போக முடியாமல் வேலியை ஒட்டித் திரும்பியது. அதன் முனை நான் வெட்டிக்கொண்டிருந்த பள்ளத்தைத் தொட்டு நனைத்தது. நான் நிமிர்ந்து அதைப் பார்த்தேன்.

"என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கற?" என்று கத்தினார் வில்மா அத்தை. "முன்னாடி வெட்டு! இங்க தண்ணியை என்னால ரொம்ப நேரம் தடுக்க முடியாது."

குனிந்து வெட்டினேன்.