அந்தோணியார் காலடியில் இரண்டு சீட்டு

ஏஞ்சலுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. பக்கத்திலிருக்கும் திருச்சியில் நர்சிங், தூரத்துச் சென்னையில் புள்ளியியல். இரண்டுக்கும் ஒரே கெடு, அன்றைக்கே, செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. அதற்குள் ஒன்றை உறுதி செய்யாவிட்டால் இரண்டும் போய்விடும். ஒன்றும் கிடைக்காதவள் அழுதால் ஊர் பாவம் பார்க்கும். இரண்டு கிடைத்தவள் அழுதால் சிரிக்கும். அதனால் அழவும் வழியில்லாமல் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

நர்சிங் படித்தால் வேலை நிச்சயம். அவர்கள் ஊரான ஆவூரிலேயே நாலு வீட்டுப் பெண்கள் வெளிநாட்டில் நர்சாக இருக்கிறார்கள். புள்ளியியல் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஏஞ்சல் மட்டும் ப்ளஸ் டூவில் நிகழ்தகவுப் பாடம் நடந்தபோது சோறு தண்ணி மறந்து கணக்குப் போட்டவள். ஆனால் அதைப் படித்து என்ன ஆவாய் என்று கேட்டால் அவளிடமும் பதில் இல்லை. நாலு வருஷம் கழித்துத் தான் எங்கே நிற்போம் என்று யாராவது இப்போதே சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது.

யாரும் சொல்வதாக இல்லை. குவைத்தில் வண்டி ஓட்டும் அப்பா ஆரோக்கியமுத்து, மாதாவிடம் கேள், வழிகாட்டும் என்று போனில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார். அம்மா ஞானசெல்வி அதற்கும் மேல். எத்தனை தடவை கேட்டாலும் "ஒன் இஷ்டம்த்தா" என்பதோடு சரி. கால் கிலோ கத்தரிக்காய்க்குக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள், மகள் வாழ்க்கைக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டேன் என்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது.

ஆக, மிச்சம் ஆண்டவர்தான். கண்ணை மூடிக்கொண்டு வேதப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தாள். பாலைவனத்தில் குலம் குலமாகத் தலை எண்ணுகிற பக்கம் வந்தது. அப்படியானால் புள்ளியியல்தான் என்று துள்ளினாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை திறந்தாள். தொழுநோயாளியின் தோலை எப்படிச் சோதிப்பது என்று வந்தது. மூன்றாவது தடவை திறக்கத் தைரியம் வரவில்லை.

கடைசியாகத் திருவுளச் சீட்டுத்தான் என்று முடிவு செய்தாள். நோட்டுத் தாளைக் கிழித்து ஒன்றில் 'திருச்சி' என்றும் மற்றதில் 'சென்னை' என்றும் எழுதி, ஒரே அளவாக மடித்தாள். ஐந்தரை மணி நவநாள் பூசைக்கு முன்பே போய், கோயிலில் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் வைத்தாள். பூசை முடிந்ததும் கண்ணை மூடி ஒன்றை எடுப்பது, எது வந்தாலும் மறுபேச்சு இல்லை என்று அந்தோணியாரோடு பேச்சு.

சுரூபத்துக்குப் பக்கத்திலேயே மன்றாட்டுப் பெட்டி இருந்ததை அவள் யோசிக்கவில்லை. செவ்வாய்தோறும் சனங்கள் தங்கள் வேண்டுதலைப் பெயர் போடாமல் எழுதி அதில் போடுவார்கள். உபதேசியார் சூசைராசு அவற்றைப் பூசையில் வாசிப்பார். பெட்டிக்கு வாய் சிறியது. வெளியே விழுந்து கிடப்பதையும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வது அவர் வழக்கம்.

பூசைக்கு வந்த அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மன்றாட்டு நேரம் வந்தது. ஒருவருக்கு மூட்டுவலி தீர வேண்டும், ஒருவருக்கு வரன் அமைய வேண்டும். அடுத்த சீட்டைப் பிரித்த சூசைராசு, அதைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். முப்பது வருஷ அனுபவம் அவரைக் கைவிடவில்லை.

"திருச்சி மாநகர மக்கள் அனைவரும் நோய் நொடியின்றி வாழ மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை.

அது தன் சீட்டு என்று ஏஞ்சலுக்குப் புரிந்தது. அடுத்த சீட்டில், சென்னை மக்கள் மழை வெள்ளத்திலிருந்து காக்கப்பட வேண்டிக்கொண்டார் உபதேசியார். சபை அதற்கும் அதே குரலில் கேட்டருளும் என்றது. இரண்டு ஊரும் பிழைத்துக்கொண்டன, தான்தான் நடுத்தெருவில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். மணி ஆறே கால்.

சூசைராசு இன்னொரு சீட்டை எடுத்தார். "தூரமாகப் போக நினைக்கும் என் மகளிடம், போகாதே என்று வாய் தவறியும் சொல்லிவிடாதபடி, ஆண்டவரே, என் நாவைக் காத்தருளும்."

பக்கத்தில் அம்மாவின் தலை சட்டென்று குனிந்தது. செபமாலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. ஏஞ்சலுக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது வார்த்தை பேசினால் உண்மை வெளியே வந்துவிடும் என்றுதான் அம்மா இரண்டோடு நிறுத்தியிருக்கிறாள். அதுமட்டுமில்லை. எங்கே போக ஆசைப்படுகிறோம் என்று தனக்கே தெரியாதபோது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

சபை பதில் சொல்லி முடித்தது. ஏஞ்சலுக்கு மட்டும் வாய் எழவில்லை. இந்த மன்றாட்டு கேட்கப்பட்டால் இனி யாரும் அவளைத் தடுக்கப்போவதில்லை. நாளைக்குத் தப்பாகிப்போனால் பழி போடவும் ஆள் கிடையாது. அப்படிப் பழி போட ஓர் ஆளைத்தான் காலையிலிருந்து அம்மாவிடமும் மாதாவிடமும் அந்தோணியாரிடமும் தேடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. உபதேசியார் அடுத்த சீட்டைப் பிரிக்கும்போது, எல்லோரும் அமைதியான பிறகு, அவள் குரல் மட்டும் தனியாக உடைந்து வந்தது.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசெல்வி திரும்பவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பூசை முடியும்வரை விடவில்லை.

வெளியே வந்ததும் ஏஞ்சல் போனை எடுத்தாள். ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. திரையில் சென்னைக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தாள்.

"சென்னைக்குப் போறேம்மா. சரியா வருமான்னு தெரியல. ரொம்பப் பயமா இருக்கு."

ஞானசெல்வி வாயைத் திறந்தாள். எதையோ விழுங்கினாள்.

"எனக்குந்தான் பயமா இருக்கு" என்றாள். "நேரமாகுது, அமுக்கு."