கூடையின் அடியில்

மேட்டுப் பள்ளிக்கூட வாசலில் பேச்சியம்மா ஒரு மாணவியின் கையைப் பிடித்துத் திருப்பினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் விரலில் மை இருக்க வேண்டும். இருந்தது கரி.

"கையில என்னம்மா இது?"

"பெரிய வாத்தியார் வீட்டுல சட்டி தேச்சதுங்க. தோட்டத்துப் புள்ளைங்க மொறை வச்சுப் போவோம். கடைக்காரங்க புள்ளைங்க போக மாட்டாங்க."

கையை உருவிக்கொண்டு அவள் ஓடிவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் டவுனில் இரண்டு இருந்தன: மேட்டில் ஒன்று, ஆற்றோரத்தில் ஒன்று. மகள் மீனம்மாவை மேட்டில் சேர்க்கச் சொன்னவர் தோட்டத்துக் கண்டாக்கு. யாருக்கு எந்த வேலை என்று தீர்மானிக்கிறவர்; பெரிய வாத்தியாரின் மச்சான். பேச்சியம்மாவின் புருஷன் அழகுமுத்து அங்கேயே தலையாட்டிவிட்டு வந்தான். இரும்புக் கேட்டு, வெள்ளையடித்த சுவர், கொடிக்கம்பம் என்று லயத்து வீடுகள் முழுக்க அவன் பெருமைதான். இரண்டையும் பார்க்காமல் சேர்ப்பதில்லை என்று ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவள் பேச்சியம்மா.

"சட்டி தேச்சா கொறைஞ்சா போயிருவா?" என்றான் மகளோடு கூட வந்திருந்த அழகுமுத்து.

"கங்காணி கூடைக்கு மேலயா கொழுந்தப் பாக்குறான்? அடியில கைய விட்டுத்தானே கிண்டுறான். நீ கேட்டப் பாத்துட்டு வந்திருக்க."

பெரிய வாத்தியாரே வெளியே வந்தார். மீனம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்டாக்கு சொன்ன புள்ளையா? வீட்டு வேலையெல்லாம் வருமா?"

"ஒங்க புள்ள இங்கதான் படிக்குதுங்களா சார்?" என்றாள் பேச்சியம்மா.

"அவன் நுவரெலியாவுல. போர்டிங்."

கூச்சமே இல்லாமல் சொன்னார். பேச்சியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஆற்றோரப் பள்ளிக்கூடத்தில் தகரக் கூரை ஒழுகியது. பிள்ளைகளே பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மா ஒருத்தியின் கையைப் பார்த்தாள், இன்னொருத்தியின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை மை.

அங்கே இருந்த ஐவி டீச்சர் எதையும் ஒளிக்கவில்லை. "மூணு வகுப்புக்கும் ரெண்டே டீச்சர்தாம்மா. ஆத்துல தண்ணி கூடுனா வர ஏலாது. புஸ்தகமும் பத்தாது. யோசிச்சுக்குங்க."

பேச்சியம்மா ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றில் சுவர் இருக்கிறது, படிப்பு இல்லை. மற்றதில் படிப்பு இருக்கிறது, கூரை இல்லை. நம் பிள்ளைக்கென்றால் எதையாவது பாதியாகத்தான் கொடுப்பார்களா?

"இதுக்கா கண்டாக்கையாவப் பகைக்கச் சொல்ற?" அழகுமுத்து அவள் பக்கம் குனிந்தான். "நாளைக்கே ஸ்டோர்ல இருந்து தூக்கி என்னைய மலைக்கு மண்வெட்டி புடிக்க அனுப்பிருவாரு."

"புடி. நான் மழையில கொழுந்து எடுக்கலயா? ஏன்னு அவரு கேட்டா, பொண்டாட்டி திமிர் புடிச்சவளுன்னு சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்றதுதானே."

"பதியட்டுமா?" என்றார் டீச்சர்.

"பதிங்க."

அழகுமுத்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பெஞ்சில் இருந்த மைக்கூட்டுக்குள் மீனம்மா ஒரு விரலை விட்டு எடுத்ததை யாரும் பார்க்கவில்லை.

திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. ஆறு முழங்காலைத் தாண்டி இழுத்தது. அழகுமுத்து முன்னால் இறங்கினான். நடு ஆற்றில் நின்று, பார்க்காமலே பின்னால் கையை நீட்டினான். பேச்சியம்மா அதைப் பிடித்தாள், மறு கையில் மகள். மீனம்மா பாவாடையைத் தூக்கவில்லை. அது நனைந்து காலோடு ஒட்டியது. மிச்சமிருந்த கையை மட்டும் மழை படாமல் தலையில் போட்ட கொங்காணிச் சாக்குக்குள் நெஞ்சோடு பொத்திக்கொண்டு வந்தாள்.