ஒன்பது கெல்வின்

மறுநாள் காலை பத்து மணிக்கு இம்மானுவேல் தேர்வுக் குழுவின் முன் பேச வேண்டும். பதினோரு வருடத் தற்காலிக விரிவுரையாளர் நிரந்தரமாவாரா என்பது அதில் தெரிந்துவிடும். நம்பிக்கையாகத்தான் இருந்தார், சட்டையைக்கூட இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார்.

அவர் ஆய்வு, அடுக்கடுக்கான நிக்கல் ஆக்சைடைப் பற்றியது. அதில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் குட்டிக் காந்தங்களாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த முறைப்புதான் எலக்ட்ரான்களை ஜோடி சேர்த்துத் தடையில்லாமல் ஓடவைக்கிறது என்பது இம்மானுவேலின் கட்சி. சோதனைக்கூடத்துக்காரர்கள் எண்பது கெல்வின் குளிரில் அந்த ஓட்டத்தைப் பார்த்திருந்தார்கள். இவர் கணக்கில் எண்பத்தொன்று வந்தது. காளவாசலில் ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அழகம்மாள் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலை நீட்டிவிட்டுப் போனார். காலையில் மனைவி முத்துமீனா கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பிய அதே கிண்ணம்.

"காலையில ஒன்னு போச்சு, இப்ப ஒன்னு வருது. அந்த வீட்டோட நமக்கு ரெண்டு சிநேகமா?" என்று மனைவியைச் சீண்டினார்.

"போறதும் வாரதும் ஒரே சிநேகம்தேன். இதக்கூட எண்ணத் தெரியாம என்னத்தப் படிச்சீகளோ."

சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார். அவருடைய கணினி நிரல் ஒவ்வோர் அணுவாகப் போய், அதன் நாலு பக்கத்து உறவையும் கூட்டும். இந்த அணுவிலிருந்து அதற்கு ஒரு தடவை. அதிலிருந்து இதற்கு இன்னொரு தடவை. கடைசியில் பாதியாக்க வேண்டும். ஆக்கவில்லை. முறைப்பு இரண்டு மடங்காகியிருந்தது.

பாதியாக்கி ஓடவிட்டார். முறைப்பு பாதியானால் கெல்வின் பாதியோடு நிற்காது, மளமளவென்று இறங்கிவிடும். ஒன்பது வந்தது.

"சொல்லாம விட்டா தெரியுமா?" என்றாள் முத்துமீனா.

"தெரியாது."

"அப்ப?"

"நானும் அந்த ரூம்லதானே இருப்பேன்."

மறுநாள் குழுத் தலைவர் மலைச்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டார். "நீங்க அனுப்புன ஆய்வுச் சுருக்கத்துல எண்பத்தொன்னுன்னு இருக்கே, இப்ப ஒன்பதுங்கிறீக?"

"தப்புங்கய்யா. ஒவ்வொரு பிணைப்பையும் ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"யாரு கண்டுபிடிச்சா?"

"எங்க வீட்லங்கய்யா."

"அவுகளும் பிசிக்ஸா?"

"இல்லங்கய்யா. கருவாட்டுக் குழம்பு."

குழு சிரித்தது. வேலை, கூடப் போட்டியிட்ட சூரியபிரகாஷுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். "அடுத்த வருசமும் தற்காலிகம்தேன்."

முத்துமீனா கழுவி வைத்திருந்த கிண்ணத்தில் புளிக்குழம்பை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "போயி அழகம்மாக்காட்ட குடுத்துட்டு வாங்க. தளும்பாம."

இம்மானுவேல் மறுபடி செருப்பை மாட்டினார். தளும்பாமல்தான் கொண்டுபோனார்.