சக்கரம் பதித்த பெயர்

செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் வண்டியின் சக்கரத்தில், அந்த வண்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோன பொறியாளர் எல்வுட்டின் பெயரைச் செதுக்கி அனுப்பியிருந்தார்கள் அரிசோனா ஆய்வுக்கூடத்துக்காரர்கள். வண்டி ஓடினால் மணலில் அவன் பெயர் பதியும்.

அவன் மனைவி இமோஜனுக்கும் அங்கேதான் வேலை. செவ்வாயின் மெல்லிய காற்றும் மணலை நகர்த்தும் என்று காலமெல்லாம் வாதாடியவள். "உன் காத்து ஈயைக்கூட ஓட்டாதுடி" என்று எல்வுட் சீண்டுவான்.

இன்று வண்டி அனுப்பிய, ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். மணல் வரிகள் நகர்ந்திருந்தன.

"ஜெயிச்சுட்டீங்க, இமோஜன்!" என்று வண்டியை இயக்கும் ரஸ்டி கத்தினான். கூடமே கைதட்டியது.

அவள் புதிய படத்தில் சக்கரத் தடத்தைத் தேடினாள். பெயர் இருந்த இடம் வெறும் மணலாகக் கிடந்தது.

"ரஸ்டி, நாளைக்கு வண்டியைக் கொஞ்சம் முன்னால ஓட்டுப்பா."