திருப்பாத தொட்டிகள்

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது அக்காவுக்குத் தெரியாத பழமொழி இல்லை. இடம் கேட்டவன் கூடப்பிறந்த தம்பி என்பதால் அது சமயத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தம்பிக்குத் தோட்டத் தொழில். வீடுகளுக்குப் புல் பதிப்பான், அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடுவான். ஏசி அறையில் வாடிப்போன செடியை எடுத்துவிட்டு, தேறிய செடியை அந்த இடத்தில் வைப்பதுதான் வாடகைத் தொழிலின் சூட்சுமம். ஊரில் வியாபாரம் படுத்ததும் முதலில் புல் போயிற்று. சம்பளத்துக்கே தாளம் போடுகிறவர்கள் புல்லுக்கா தண்ணீர் விடுவார்கள்? பிறகு அலுவலகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு, "உன் செடியை எடுத்துக்கிட்டுப் போப்பா" என்றன. நர்சரிக்குப் பிடித்திருந்த நிலமும் கைவிட்டுப் போக, ஒருநாள் வேனோடு அக்கா வாசலில் வந்து நின்றான்.

"ஒரு மாசந்தான்க்கா. நிலைமை சரியானதும் அள்ளிக்கிட்டுப் போயிடறேன்."

"ஒரு மாசந்தானே, வை" என்றாள். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். முன்னறையிலிருந்து சோபா போயிற்று, பிறகு மேஜை போயிற்று. அவள் கணவர் இலையை விலக்கிக்கொண்டுதான் டிவி பார்த்தார். சுவர் ஈரம் குடித்துப் பூத்திருந்தது. கொசுவுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த அறைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது. வாய் திறந்தால் தம்பி வேனை விற்றுவிட்டு எவன் வீட்டுக் கேட்டிலாவது காவலுக்குப் போய் நிற்பான். அதனால் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாரத்துக்கு ஒருதடவை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்கா. இல்லன்னா வெளிச்சம் வர்ற பக்கமே சாஞ்சு வளரும்" என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்தான். கொஞ்ச நாள் திருப்பினாள். தொட்டிகள் வந்து நெருக்க நெருக்க, கை விட இடமில்லை. ஜன்னலோரம் நின்ற ரப்பர் செடிகள் கம்பிக்கு வெளியே தலையை நீட்டின. வெளியே போய்க் கிளை விட்டுத் தடித்தன. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதுகளாவது வெளியே போகட்டுமே என்று விட்டுவிட்டாள்.

அந்த ஜன்னலைத் தெருவிலிருந்து பார்த்தார் ஒரு மேலாளர். புதிதாகத் திறக்கவிருந்த ஆஸ்பத்திரிக்காரர். வரவேற்பறைக்கு இதே செடிகள்தான் வேண்டும், இவை வந்தால் எல்லா மாடிக்கும் உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன், மறுநாள் திறப்பு என்றார். தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தொட்டியைத் தூக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. செடி அசையவில்லை. உள்ளே வெறும் குச்சி. இலையெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம், கிளைகள் கவையாகப் பிரிந்து கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றன. ஒரு சின்னக் கிளையை வெட்டிப் பார்த்தான். வெள்ளைப் பால் சொட்டியது. வெட்டி எடுத்தால் குச்சியைத்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

"நீ திருப்பவே இல்லையாக்கா?"

"எங்கடா திருப்பறது? நான் திரும்பவே இடமில்ல."

அவன் முகம் செத்துப்போயிற்று. "விடுக்கா, உன் மேல தப்பில்ல. வேனைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்காரு. குடுத்துடறேன்" என்றான்.

அக்காவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. இந்த ஆர்டர் போனால் தொழில் போகும், தொழில் போனால் தொட்டியும் போகும். அப்படி நினைத்ததற்காக அடுத்த கணமே தன்மேல் அருவருப்பு வந்தது.

"என்னங்க, கம்பியை அறுங்க" என்றாள்.

கணவர் திடுக்கிட்டார். வீட்டில் திருட்டுப் போன பிறகு பார்த்துப் பார்த்துப் போட்ட கம்பி அது. "நிம்மதியாத் தூங்கணும்னு போட்டதும்மா."

"இப்ப நிம்மதியாத்தான் தூங்கறோமா?"

அவர் ரம்பத்தை எடுத்துவந்தார். கம்பி விழ விழ, செடிகள் தொட்டியோடு ஜன்னல் வழியே வெளியே இறங்கின. மற்றவை வாசல் வழியே போயின. சாயங்காலம் முன்னறை துடைத்துவிட்டது போல இருந்தது. அக்கா வெறுந்தரையில் கைகாலைப் பரப்பிப் படுத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சோபாவை எந்தச் சுவரோரம் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

தம்பி துள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். "அத்தனையும் எடுத்துக்கிட்டாங்கக்கா! வருஷ ஒப்பந்தம்! தொழில் பிழைச்சுது, நீதான் காப்பாத்தின." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நாளையிலேர்ந்து மாத்து செடி வரும். ஏசியில ஒரு மாசந்தான் தாங்கும், அப்புறம் இங்க வந்துதான் தேறணும். உன் ஜன்னல் வெளிச்சம் மாதிரி எங்கயும் இல்லக்கா."

அக்கா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். இது அவளுக்குத் தெரியாத சூட்சுமமா? தெரிந்துதான் கம்பியை அறுக்கச் சொன்னாளா என்று அவளுக்கே விளங்கவில்லை.

கணவர் ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். "காலையில வெல்டர் வர்றான். பழையபடி போட்டுடலாம்."

"பழையபடி வேணாம். பூட்டுப் போட்டுத் திறக்கற மாதிரி போடச் சொல்லுங்க. சாவி என்கிட்டதான் இருக்கணும்."

"செடி போறதுக்காக்கா?" என்றான் தம்பி.

"செடியும் போறதுக்கு" என்றாள்.